கையில் திமிர்

செப்டம்பர் 4, வியாழன்

இந்த நோட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. என் மருமகள் சாந்தாமணி பத்து நொடியில் எத்தனை தடவை கையை மூடித் திறக்கிறாள் என்று தினமும் எண்ணி எழுத வேண்டுமாம். அவளால் பேனா பிடிக்க முடியவில்லை. என் மகன் ஈஸ்வரமூர்த்தி விடிந்ததும் லாரி ஷெட்டுக்கு ஓடிவிடுவான். அதனால் என் தலையில் விழுந்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாவதுக்கு அனுப்ப வேண்டாம் என்று நிறுத்தியது என் பெரியண்ணன். அவன் செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

எண்ணிக்கையைக் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கம் எனக்கு. டாக்டர் கேட்டால் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்துவிடலாம்.

உடுமலையிலிருந்து கோயம்புத்தூர் போய்ச் சேரவே பத்து மணியாகிவிட்டது. டாக்டர் பெயர் இம்மானுவேல். ஒல்லியான ஆள், மெதுவாகப் பேசுகிறார். சாந்தாமணியை ஒரே நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் சுவரைப் பிடித்துவிட்டாள். உள்ளங்காலில் சாவியால் ஒரு கோடு இழுத்தார். கட்டைவிரல் மேலே தூக்கிக்கொண்டது. அவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

கழுத்தெலும்புக்குள் ஓடுகிற தண்டுவடம் நசுங்கியிருக்கும் போலிருக்கிறது, ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார். பிறகு கேட்டார்: "எப்ப இருந்தும்மா இந்தத் தொந்தரவு?"

"ஒரு ஆறு மாசமா இருக்குமுங்க" என்றாள்.

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று பதின்மூன்று. நல்ல கையென்றால் இருபதுக்கு மேல் வர வேண்டுமாம். வீட்டுக்கு வந்து நானும் செய்து பார்த்தேன். இருபத்துநாலு. எனக்கு எழுபத்தொரு வயது.

செப்டம்பர் 5, வெள்ளி

பதின்மூன்று. கீரை கடைந்தேன். அவள் கடைந்தால் தண்ணீராக இருக்கும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சாந்தாமணி வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறாள். பதினெட்டு வருஷமாக. அவள் தைத்த கைக்குழி தோளில் உட்கார்வதுபோல் உடுமலையில் யார் தைத்தாலும் உட்காராது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அவள் தைத்ததில் கடைசி ஜாக்கெட், போன வருஷம் வைகாசியில், என் அக்காள் பேரன் கல்யாணத்துக்கு. கொக்கியும் காதும் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. மேடையில் போட்டோ எடுக்கும்போது நடுவில் ரெண்டு கொக்கி தெறித்துக்கொண்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். அந்தப் போட்டோவில் நான் மட்டும் குளிருக்கு நிற்பவள்போல் இருக்கிறேன். ஊருக்கெல்லாம் ஒழுங்காகத் தைத்து, மாமியாருக்கு மட்டும் வேண்டுமென்றே இப்படி என்று அன்றைக்கு நினைத்தேன்.

இப்போது இருபத்தொரு ஜாக்கெட் வெட்டாமல் கிடக்கிறது. எல்லாம் தீபாவளிக்குச் சொன்னது. காலையில் பேங்க் தெரு வாத்தியாரின் சம்சாரம், எங்களுக்குப் பேங்க் வாத்தியார் வீட்டம்மா, வந்தாள்.

"என்னுங்க பெரியம்மா, சாந்தாவுக்குக் கழுத்துல சுளுக்காமா?"

"ஆமா. உன்ற ஜாக்கெட்டைத் தெச்சுத் தெச்சுத்தான்" என்றேன். போய்விட்டாள்.

சாந்தாமணி உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. பன்னிரண்டு.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஸ்கேன். உடம்பில் ஒரு பொட்டு உலோகம் இருக்கக் கூடாது என்றாள் அங்கிருந்த பெண். தோடு, வளையல், கொண்டை ஊசி, கால் மெட்டி, தாலிக்கொடி எல்லாம். ஈஸ்வரன் வண்டியை நிறுத்தப் போயிருந்தான்.

"நீங்களே கழட்டுங்கத்தை. என்ற விரலுக்குக் கொக்கி சிக்கமாட்டேங்குது."

"அவன் வரட்டும்."

"கூப்பிட்டுட்டாங்கத்தை. அடுத்த ஆளை விட்டுட்டா இன்னும் ரெண்டு மணி நேரமாகும்."

நான் தாலி இழந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என் கையால் அவள் தாலியைக் கழற்றுவதா? மஞ்சள் கயிறு ஒன்று கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். நூல்தானே, இருக்கலாம் என்றாள் அந்தப் பெண். முதலில் கயிற்றைக் கட்டிவிட்டு, அப்புறம் கொடியைக் கழற்றினேன். அவள் குனிந்து நின்றாள். பிடரியில் ரெண்டு நரைமுடி. கொடியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கதவைச் சாத்தியதும் உள்ளே சுத்தியலால் தகரத்தை அடிப்பதுபோல் சத்தம். முக்கால் மணி நேரம். அத்தனை நேரமும் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு.

செப்டம்பர் 11, வியாழன்

படத்தைக் காட்டினார். கழுத்து எலும்புகள் சீப்பு வாழைப்பழம்போல் அடுக்கியிருக்கின்றன. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு தண்டு. ரெண்டு இடத்தில் இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியதுபோல் ஒடுங்கியிருக்கிறது. ஒடுங்கிய இடத்துக்குள் கொஞ்சம் வெள்ளை.

"அந்த இடம் மட்டும் சுத்தமா வெள்ளையா இருக்குதுங்களே, அது நல்லதுதானுங்களே?" என்று கேட்டேன்.

"இல்ல பாட்டிம்மா. அந்த வெள்ளைதான் அடிபட்ட இடம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

இன்னொரு படமும் எடுத்திருக்கிறார்களாம். அதில் தண்டுக்குள் ஓடுகிற இழைகள் தெரியும். நீலத்திலும் பச்சையிலும் நூல்கண்டைப் பிரித்துப் போட்டதுபோல் இருந்தது. ஒடுங்கிய இடத்தில் நூல் மெலிந்துவிட்டது. சாந்தாமணி அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபரேஷன் செஞ்சா அழுத்தத்தை எடுத்துடலாம். ஆனா கை எவ்வளவு பழையபடிக்குத் திரும்பும்கிறது ஆளுக்கு ஆள் மாறும்" என்றார். "அதை முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு நாங்க ஒரு கணக்குப் போடறோம். இந்தப் படத்துல எவ்வளவு வெள்ளை, இழை எவ்வளவு மிச்சம், எத்தனை மாசமா தொந்தரவு. இது மூணும் முக்கியம். ஒரு வாரத்துல சொல்றேன்."

ஈஸ்வரன் கேட்டான்: "மூணுல எது நெம்ப முக்கியமுங்க?"

"எல்லாமே. படத்தை மிஷின் பார்த்துக்கும். மாசக் கணக்கை நீங்கதான் சரியா சொல்லணும்."

அதாவது ஜாதகம் கணிப்பதுபோல. பிறந்த நேரம் தப்பாகச் சொன்னால் எல்லாக் கட்டமும் தப்பாகிவிடும். எனக்குத் தெரியாததா? இவள் அப்பன் கல்யாணத்துக்கு ஜாதகம் கொடுத்தபோது நாலு பத்து என்றான். நாலு நாற்பது என்பது எனக்கு மூணு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பொருத்தம் வருவதற்காக அரைமணி நேரத்தை விழுங்கினான். அந்தக் குடும்பத்துக்கே நேரத்தை மாற்றிச் சொல்வது கைவந்த பழக்கம்.

பன்னிரண்டு.

செப்டம்பர் 12, வெள்ளி

பதினொன்று. "பதிமூணுன்னே போடுங்கத்தை, இன்னைக்கு விரல் சில்லுனு இருக்குது, அதான்" என்றாள். போட்டேன்.

செப்டம்பர் 13, சனி

பதினொன்று. கடைசிப் பக்கத்தில் பதின்மூன்று.

அவளுக்குத் தீபாவளி கழிந்துதான் ஆபரேஷன் வேண்டுமாம். தைக்கக் கொடுத்தவர்கள் காத்திருக்கிறார்களாம். தைக்கிற கைக்காகத்தானே ஆபரேஷன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இப்போதெல்லாம் நான் எதையும் கேட்பதில்லை. அவள் கையிலிருந்து ரெண்டு கரண்டி கீழே விழுந்தது, எடுத்துக் கழுவி வைத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பேத்தி வினோதா சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாள். போனில், "அப்பத்தா, அம்மா எப்படி இருக்காங்க?" என்றாள். நல்லாத்தான் இருக்கா என்றேன். "நீங்க ஏன் ஒரு மாதிரி பேசறீங்க?" என்றாள். தொண்டையில் சளி.

மோர் புளித்துவிட்டது. பார்க்காமல் விட்டது நான்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

தண்ணீர்க் குழாய் பக்கத்தில் விழுந்துவிட்டாள். வழுக்கவில்லை, தரை காய்ந்துதான் இருந்தது. கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. தூக்கி உட்கார வைத்தேன். முழங்கை சிராய்ப்பு. ஈஸ்வரனிடம் சொல்ல வேண்டாம் என்றாள்.

போன வருஷம் ஆடி ரெண்டாம் வெள்ளி மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது இப்படித்தான். தேர்முட்டி வரைக்கும் வந்தபிறகுதான் பார்த்தேன், அவள் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே என்றால் விழிக்கிறாள். பின்னால் நடுரோட்டில் கிடந்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் என்ன ஒய்யார நடை என்று கேட்டேன். அவளும் சிரித்தாள் அன்றைக்கு.

செப்டம்பர் 16, செவ்வாய்

பத்து.

செப்டம்பர் 17, புதன்

பத்து. கடைசிப் பக்கத்தில் பதின்மூன்று என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. வெற்றிடமாக விட்டிருக்கிறேன்.

சோறு இறங்கவில்லை. பித்தம்தான்.

செப்டம்பர் 18, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் பின்னால் யாராவது மாற்றிச் சொல்வார்கள்.

டாக்டர் கணிப்பைச் சொன்னார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "ஆறு மாசம்ங்கிறதால நிலைமை மோசமில்ல. இதே மாதிரி படம் இருக்கிற பத்துப் பேர்ல ஏழு பேருக்குக் கை நல்லா திரும்பியிருக்கு. பன்னெண்டு, பதிமூணுலயே நிக்குதுன்னா அவசரமும் இல்ல. கழுத்துக்குக் காலர் போட்டுக்கங்க, தீபாவளி முடிஞ்சு வெச்சுக்கலாம்."

சாந்தாமணி முகம் மலர்ந்துவிட்டது. ஈஸ்வரன் எழுந்து கைகூப்பினான்.

"ஆறு மாசமில்லீங்க" என்றேன்.

"அம்மா, நீ சித்த சும்மா இரும்மா."

"பதிமூணும் இல்லீங்க. பத்து. நேத்தும் பத்து. நான் பொய்யெழுதிட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்ப எத்தனை மாசம் பாட்டிம்மா?"

சொன்னேன். உட்கார்ந்தபடியேதான் சொன்னேன். போன வருஷம் தை, பொங்கல் கழிந்து மூணாம் நாள் வியாழக்கிழமை பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், ரெண்டு லிட்டர் பால் குண்டாவோடு கீழே போட்டாள், குண்டாவின் விளிம்பு இன்றைக்கும் நசுங்கித்தான் இருக்கிறது. மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் ஊசியையும் நூலையும் என் கையில் கொடுத்துக் கோத்துக் கொடுக்கச் சொன்னாள், பதினெட்டு வருஷம் தைக்கிறவள், கண்ணுக்குக் கண்ணாடி போட்ட கிழவியிடம். எனக்கு வேலை ஏவுகிறாள் என்று நினைத்தேன். வைகாசியில் கொக்கி. ஆடியில் செருப்பு. ஐப்பசியில் என் நாத்தனார் வந்திருந்தபோது காப்பி டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தும் பாதியை நாத்தனாரின் பட்டுச்சேலையில் கொட்டினாள். வேண்டாத விருந்தாளி என்று காட்டுகிறாள் என்று நாத்தனார் சொன்னாள், நானும் ஆமாம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் கிழமை சொன்னேன். அவர் தட்டிக்கொண்டே வந்தார். நான் நிறுத்தினால் "அப்புறம்?" என்றார்.

இதையெல்லாம் நான் எதற்காக மனசில் வைத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. அந்த அறையில் மற்ற ரெண்டு பேருக்கும் தெரியும்.

"இதெல்லாம் வரும்போது நீங்க வீட்ல யார்கிட்டயும் சொல்லலையாம்மா?" என்று சாந்தாமணியைக் கேட்டார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒருக்கா சொன்னேனுங்க" என்றாள்.

"என்னன்னு?"

அவள் சொல்லவில்லை. ஈஸ்வரன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். சொல்லாமல் விட்டிருப்பாள், எனக்குத் தெரியும். இருபத்துநாலு வருஷத்தில் என்னை யாரிடமும் காட்டிக்கொடுத்ததில்லை. அதுவும் எனக்கு அவள்மேல் ஒரு கோபம்.

"கை திமிரா இருக்குதுங்கத்தைன்னா" என்றேன் நானே. "கையில மட்டுந்தானாடி, உனக்கு ஒடம்பு பூராத் திமிர்தானேன்னு கேட்டேன்."

எங்கள் பக்கத்தில் கை மரத்துப்போனாலும் திமிர்தான், ஆள் தலைக்கனம் பிடித்து அலைந்தாலும் திமிர்தான். அன்றைக்கு நான் கேட்டதும் வீட்டில் இருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். பேங்க் வாத்தியார் வீட்டம்மா ஒருத்தி. அதனாலேயே எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போய், அப்புறம் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறேன். அவள் அதற்குமேல் கையைப் பற்றிப் பேசவே இல்லை.

டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அது என்னைக்குன்னு ஞாபகம் இருக்கா?" என்றார்.

"கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாளுங்க. போன வருஷம் டிசம்பர் பன்னெண்டு, வியாழக்கிழமை."

அதையும் தட்டினார்.

இருபது மாதம் என்று போட்டதும் கணிப்பு மாறிவிட்டது. பத்துக்கு நாலு. நல்லா திரும்பும் என்பதற்கு. இனிமேல் கெடாமல் நிறுத்துவதுதான் முதல் வேலை, அடுத்த புதன்கிழமையே செய்துவிடலாம், தள்ளிப்போடக் கூடாது என்றார். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் தீபாவளிக்குள் நடக்க முடியாமல்கூடப் போயிருக்கலாம் என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ.

வண்டியில் திரும்பினோம். பொள்ளாச்சி தாண்டியதும் சாந்தாமணி கேட்டாள்: "எல்லாத்தையும் எழுதி வெச்சிருந்தீங்களாத்தை?"

"இல்ல. ஞாபகத்துல இருந்துச்சு."

"கெழமையோடவா?"

"கெழமையோட."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

பத்து. ஈஸ்வரன் என் கையால் காப்பி குடிக்கவில்லை. கடையில் குடித்துக்கொள்கிறானாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இருபத்தொரு ஜாக்கெட் துணியையும் பெயர் பார்த்துப் பிரித்துத் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு வீடாக நானே போனேன். பேங்க் வாத்தியார் வீட்டிலும். "பாவம், அன்னைக்கே கை திமிருன்னு சொன்னாளே" என்றாள் அந்த அம்மா. அவள் சிரித்ததை அவள் மறந்துவிட்டாள்.

பொழுதோட ஈஸ்வரன் வந்து நின்றான். "ரெண்டு வருசமா ஒண்ணு விடாம பாத்துட்டே இருந்திருக்கியேம்மா."

ஆமாம் என்றேன். 

செப்டம்பர் 23, செவ்வாய்

சேர்த்தாயிற்று. ஒன்பது. படுக்கையில் இருந்தபடி, "சரியா எழுதுங்கத்தை" என்றாள். வியாழக்கிழமைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு.

செப்டம்பர் 24, புதன்

காலை எட்டே காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பத்தரை. பதினொன்றே முக்கால். ஈஸ்வரன் எனக்கு டீ வாங்கி வந்தான். பன்னிரண்டு நாற்பது. கதவைத் திறந்தார்கள், வேறு யாருக்கோ.

ஒன்று பத்துக்கு வந்து சொன்னார். அழுத்தத்தை எடுத்தாயிற்று. கை எப்படி என்று கேட்டேன். "இப்பத் தெரியாது பாட்டிம்மா" என்றார்.

தாலிக்கொடி இந்தத் தடவையும் என் இடுப்பில்தான் இருந்தது. இந்தத் தடவை அவளே என்னைக் கழற்றச் சொன்னாள், ஈஸ்வரன் பக்கத்தில் நின்றிருக்கும்போதே.

செப்டம்பர் 26, வெள்ளி

எட்டு.

குறைந்துவிட்டது. நர்ஸிடம் ஓடினேன். ஆபரேஷன் ஆன புதிதில் அப்படித்தான் என்கிறாள். அவளுக்கென்ன தெரியும், இருபது வயசு.

செப்டம்பர் 27, சனி

எட்டு.

செப்டம்பர் 28, ஞாயிறு

எட்டு. மூன்று தடவை எண்ணினேன். மூன்றாவது தடவை அழுதுவிட்டாள். நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. கழுத்தில் காலர். தலைசீவி விடுகிறேன், சேலைக் கொசுவம் மடித்துவிடுகிறேன், சோறு ஊட்டுகிறேன். என் மாமியாருக்குக்கூட நான் இதெல்லாம் செய்ததில்லை. அந்த அம்மாள் எனக்குச் செய்ததை வேறு ஒரு நாள் எழுத வேண்டும்.

சாப்பிடும்போது சொன்னாள்: "உப்புப் பத்தலைங்கத்தை."

இத்தனை வருஷத்தில் என் சமையலைக் குறை சொன்னது இதுதான் முதல் தடவை. உப்புப் போட்டுப் பிசைந்தேன்.

அக்டோபர் 4, சனி

எட்டு. "ரசம் வெறும் புளித்தண்ணியா இருக்குதுங்கத்தை."

அக்டோபர் 9, வியாழன்

ஒன்பது. ஒன்றுதான், இருந்தாலும் ஒன்பது.

இன்று கொசுவம் மடிக்கும்போது, "மூணாவது மடிப்பு சரிஞ்சு கெடக்குது, மறுக்கா மடிங்க" என்றாள். மறுபடி மடித்தேன். மறுபடியும் பிரிக்கச் சொன்னாள். நான்காவது தடவை, "ஏண்டி, பழிவாங்கறியா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கத்தை" என்றாள்.

ஐந்தாவது தடவை நன்றாக வந்தது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

பத்து. புதுச்சேலை இருவருக்கும், ஜாக்கெட் மட்டும் கடையில் வாங்கிய ரெடிமேடு. அவளுடையதைப் பார்த்து, "கைக்குழி எப்படி வெட்டியிருக்கான் பாருங்க, எருமைக்குத் தெச்ச மாதிரி" என்றாள். வினோதா வந்திருக்கிறாள், ரெண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தாறு நாள் ஆகிவிட்டது, ஆபரேஷனுக்குத் தேதி குறித்த அன்றைக்கு இருந்த பத்துக்குத்தான் வந்திருக்கிறது.

பத்தில் நாலு. அந்த நாலு பேர் யார் யாரோ.

நவம்பர் 6, வியாழன்

பதினொன்று. சட்டைப் பொத்தான் பயிற்சி. ஈஸ்வரனின் பழைய சட்டையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பொத்தான் போட ஒன்றரை நிமிஷம். ஆறு பொத்தான். நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். உதவிக்குக் கை நீண்டுவிடக் கூடாது என்றுதான் பூண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரைக் கிலோ உரித்துவிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

பதினொன்று. பூண்டுக் குழம்பு.

நவம்பர் 22, சனி

பன்னிரண்டு. நடை நன்றாகிவிட்டது. சுவரைத் தொடாமல் தெருமுனை வரை போய் வந்தாள். நான் பத்தடி பின்னால் போனேன். செருப்பைப் பார்த்துக்கொண்டே போனேன்.

டிசம்பர் 18, வியாழன்

மூன்று மாதம் ஆகவில்லை, இருந்தாலும் வரச் சொல்லியிருந்தார். மறுபடியும் ஸ்கேன். மறுபடியும் அந்தத் தகரச் சத்தம்.

படத்தைப் பார்த்தேன். ஒடுங்கிய இடம் இப்போது அகலமாக இருக்கிறது. தண்டைச் சுற்றி இடம் இருக்கிறது. ஆனால் உள்ளே வெள்ளை அப்படியே இருக்கிறது. கொஞ்சம்கூடக் குறையவில்லை. 

"அது போகாதுங்களா?" என்றாள் சாந்தாமணி.

"போகாமலும் இருக்கலாம். அது தழும்பு மாதிரி. தழும்பு இருக்கும்போதே கை வேலை செய்யலாம்" என்றார். "எங்க, மூடித் திறங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் எண்ணினேன். பதினைந்து. அவரும் பதினைந்து என்றார்.

"நாங்க கணிச்சது இந்த நேரத்துக்குப் பன்னெண்டுதான்" என்றார். சந்தோஷப்பட்டாரா என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்னு யோசிக்கணும். இன்னும் ஒரு வருஷம் வரைக்கும் கூடலாம். கூடாமலும் போகலாம். மார்ச்ல வாங்க."

திரும்பும்போது ஈஸ்வரன் ஹோட்டலில் நிறுத்தினான். என் இலையில் அவனே பொரியலை எடுத்து வைத்தான்.

டிசம்பர் 21, ஞாயிறு

நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது சாந்தாமணி இந்த நோட்டை எடுத்து வாசித்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தை இல்லை, முன்பக்கத்தை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் மேஜை முன்னால் உட்கார்ந்து பேனாவை மூன்று விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். நாக்கு வெளியே நீட்டியிருக்கிறது, முதல் வகுப்புப் பிள்ளைபோல. பிடுங்கலாம் என்றுதான் போனேன். நின்றுவிட்டேன். இருபது நிமிஷம் எழுதினாள். கீழே இருப்பது அவள் கை:

"அத்தை சொன்னது தப்பு. தை மாசம் இல்லை. அதுக்கு எட்டு மாசம் முந்தியே வைகாசியில ஆரம்பிச்சது. கத்திரி புடிச்சா கட்டைவிரல் இருக்கிறதே தெரியாது. ரெண்டு துணியைத் தப்பா வெட்டிட்டு அதே மாதிரி புதுசு வாங்கித் தெச்சுக் குடுத்தேன். யாருக்கும் தெரியாது. அத்தை திமிருன்னு சொல்றதுக்கு முந்தியே நான் மறைச்சுட்டுத்தான் இருந்தேன். டாக்டர் நாலுன்னு சொன்னதும் இதையும் சொன்னா ரெண்டுன்னு ஆயிருமோன்னு பயம். சொல்லலை. சாந்தாமணி."

எழுத்து கோணல். "கத்திரி"யில் சுழி பெரிதாகிவிட்டது. ஆனால் வாசிக்க முடிகிறது. கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எட்டு மாசம்" என்றேன்.

"ஆமாங்கத்தை."

"என்ற கண்ணு முன்னாலயே."

"ஆமாங்கத்தை."

எதைக் கீழே போட்டாள், எதைத் தட்டிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டே நடந்த எனக்கு, எதுவும் கீழே விழாத அந்த எட்டு மாதம் தெரியவே இல்லை. இதை நான் மன்னிக்கப்போவதில்லை, அவளையும் சரி, என்னையும் சரி.

மார்ச்சில் டாக்டர் மறுபடியும் மாசக் கணக்குக் கேட்பார். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கப்போவதில்லை, வாயையும் திறக்கப்போவதில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் சொல்லட்டும்.